நூலாசிரியர் மறைந்த ஆண்டு: பழைய நூல்களின் பதிப்புரிமைக் காலம் பற்றிய ஒரு வரலாறு

பழைய தமிழ் நூலொன்றைக் கையில் எடுப்போர் முதலில் பார்ப்பது அதன் தலைப்புப் பக்கத்தை. நூற்பெயர், ஆசிரியர் பெயர், அச்சுக்கூடம், தெரு, விலை, ஆண்டு ஆகியவை அங்கே இருக்கும். பல நூல்களில் உரிமை யாருடையது என்று கூறும் ஒரு வரியும் இருக்கும். ஆனால் அந்த உரிமை எவ்வளவு காலத்துக்கு என்பதை அந்த வரி சொல்வதில்லை. சொல்லவும் இயலாது, ஏனெனில், அந்தக் கணக்கைத் தொடங்கி வைக்கும் நிகழ்ச்சி நூல் அச்சாகும் நேரத்தில் பெரும்பாலும் நிகழ்ந்திருக்காது. அந்நிகழ்ச்சி நூலாசிரியரின் மறைவு.

ஆசிரியப் பெருமக்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. 1930-களில் வெளிவந்த உள்ளூர்க் கதைநூல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கதையை மாணவர் தொகுப்பில் அப்படியே சேர்க்கலாமா? நூல் மிகப் பழையது, ஆகவே தடையிராது என்ற எண்ணம் கேட்கும்போதே அவர்களிடம் இருக்கும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். நூலின் வயது வேறு, உரிமையின் வயது வேறு என்பது பின்னரே நமக்குத் தெளிவாயிற்று. 1935-இல், தமது 25-ஆம் வயதில், ஒருவர் எழுதி வெளியிட்ட நூலை எடுத்துக்கொள்வோம். அவர் 80 வயதுவரை வாழ்ந்து 1990-இல் மறைந்திருந்தால், இன்றைய சிங்கப்பூர்ச் சட்டப்படி அந்நூலின் உரிமை 2060-ஆம் ஆண்டு முடியும்வரை நீடிக்கும். அவரே 1942-இல் போரின் கொடுமையில் மறைந்திருந்தால், அதே நூலின் உரிமை 1992-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஒரே நூல், ஒரே தாள், ஒரே அச்சு. இடைவெளியோ 68 ஆண்டு.

இக்கணக்கு எவ்வாறு உருவாயிற்று, யாருடைய நலனுக்காக நீண்டது, நம் வட்டாரத்துத் தமிழ் நூல்களை அது எந்நிலையில் நிறுத்தியிருக்கிறது என்பவற்றை இவ்வுரையில் காண்போம். சொல்லைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. இவ்வுரிமையைத் தமிழில் பதிப்புரிமை என்றும் காப்புரிமை என்றும் வழங்குகின்றனர். பிந்திய சொல் புதிய கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் குறிப்பதால், நாம் இங்கே பதிப்புரிமை என்ற சொல்லையே ஆள்கிறோம்.

ஓலைச்சுவடிக் காலத்தில் இத்தகைய உரிமை தேவைப்படவில்லை. ஒரு சுவடியைப் படியெடுப்பது அந்நூலுக்கு உயிர்கொடுக்கும் செயலாக இருந்தது. படியெடுப்பார் இல்லாத நூல் செல்லரித்து மறைந்தது. அச்சுப்பொறி வந்த பின்னரே, ஒரு நூலை ஆயிரம் படிகளாக ஆக்குவதற்கு முதல் போட்டவர், வேறொருவர் அதே நூலை மலிவாக அச்சிட்டு விற்பதைக் கண்டு கலங்கும் நிலை உண்டாயிற்று. ஆகவே உரிமைக்காக முதலில் குரல் எழுப்பியவர்கள் புலவர்கள் அல்லர், புத்தக வணிகர்கள்.

லண்டன் புத்தக வணிகர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனி, தன் உறுப்பினர் பதிவேட்டில் எழுதிக்கொண்ட நூலைப் பிறர் அச்சிடக் கூடாது என்ற வழக்கத்தை நெடுங்காலம் காத்துவந்தது. அந்த வழக்கத்துக்கு எல்லை வகுத்தது, ஆன் அரசியாரின் பெயரால் வழங்கும் 1710-ஆம் ஆண்டுச் சட்டம். புதிய நூலுக்கு 14 ஆண்டு. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு. அன்றைக்கு ஏற்கெனவே அச்சில் இருந்த நூல்களுக்கு 21 ஆண்டு. நூலாசிரியர் என்பவர் சட்டத்தின் கண்ணில் உரிமையாளராகத் தோன்றியது இங்கேதான். அவர் உயிரோடிருக்கிறாரா என்ற கேள்வி உரிமைக் காலத்தோடு இணைந்ததும் இங்கேதான்.

வணிகர்கள் இந்த எல்லையை எளிதில் ஏற்கவில்லை. சட்டம் கூறும் ஆண்டுகள் முடிந்தாலும், பொது வழக்காற்றின்படி தங்களுக்கு என்றென்றைக்கும் உரிமை உண்டு என்று அவர்கள் வாதிட்டனர். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் டொனால்ட்சன் என்ற பதிப்பாளர், உரிமைக்காலம் கடந்த நூல்களை மலிவு விலையில் அச்சிட்டு லண்டனிலேயே விற்றார். ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞரின் நூல் தொடர்பாக எழுந்த வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1774-இல் அச்சபை, வெளியிடப்பட்ட நூலுக்கு முடிவற்ற உரிமை இல்லை என்று தீர்த்தது. பழைய நூல்களை எவரும் அச்சிடலாம் என்ற நிலை ஏற்பட்டது அந்தத் தீர்ப்பினால்.

ஆசிரியரின் குடும்பத்துக்காக உரிமைக் காலத்தை நீட்ட வேண்டும் என்ற வாதம் அடுத்த நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1841-இல் டால்ஃபர்ட் என்ற உறுப்பினர், ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு உரிமை வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேட்டார். கவிஞர் வேர்ட்ஸ்வர்த் அதற்கு ஆதரவாக நின்றார். எதிர்த்து உரையாற்றியவர் மெக்காலே. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த 1835-ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதிய அதே மெக்காலே. அக்குறிப்பில் கீழை இலக்கியங்களைப் பற்றி அவர் கூறியதை நாம் மன்னிக்க இயலாது. ஆயினும் பதிப்புரிமை பற்றிய அவருடைய உரையில் கற்க வேண்டியது உண்டு. ஆசிரியருக்குத் தரும் பரிசின் செலவை வாசகரே வரியாகச் செலுத்துகிறார்; ஆசிரியர் மறைந்து பல்லாண்டுக்குப் பின் வரும் வருவாய் அவருடைய எழுத்தார்வத்தை எவ்வகையிலும் தூண்டாது; ஆனால் வாசகர் செலுத்தும் வரி மட்டும் முழுமையாகவே இருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

மெக்காலே காட்டிய சான்றுகளுள் ஒன்று மில்டனின் பேத்தியைப் பற்றியது. சுவர்க்க நீக்கம் என்று தமிழில் பெயர்பெற்ற காவியத்தை மில்டன் 1667-இல் ஓர் அச்சகத்தாருக்கு விற்றபோது கைம்மேல் பெற்றது 5 பவுன். முதற்பதிப்பு விற்றபின் மேலும் 5 பவுன். அவர் மறைந்தபின் அவருடைய மனைவி 8 பவுன் பெற்றுக்கொண்டு எஞ்சிய உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்தார். காவியம் பல பதிப்புகளைக் கண்டது. உரிமை வைத்திருந்த வணிகக் குடும்பம் செழித்தது. மில்டனின் பேத்தியோ வறுமையில் வாடினார். 1750-இல் லண்டன் நாடக அரங்கொன்றில் அவருக்காக உதவிக் காட்சி நடத்தி நிதி திரட்ட வேண்டியிருந்தது. உரிமைக்காலம் நீண்டால் குடும்பம் வாழும் என்பது உறுதியன்று. வறுமையில் விற்கப்படும் உரிமை, விலைக்கு வாங்கியவரையே வாழவைக்கும். இதே கதை இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டில் நடந்ததைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

1842-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. நூல் வெளியானதிலிருந்து 42 ஆண்டு, அல்லது ஆசிரியர் மறைவுக்குப் பின் 7 ஆண்டு, இவ்விரண்டில் எது நீண்டதோ அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்காகக் கல்கத்தாவில் 1847-இல் இயற்றப்பட்ட சட்டமும் இதே அளவைத் தழுவியது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசாங்கத்தின் கீழேயே இருந்தன என்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். கல்கத்தாவில் எழுதப்பட்ட சட்டம் கடல் கடந்து நம் கரைக்கும் வந்தது அவ்வழியே.

நீரிணைக் குடியேற்றங்கள் தனி ஆட்சி பெற்றபின், 1886-இல், நூற்பதிவுக்கென ஒரு சட்டம் இங்கே நிறைவேறியது. அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றின் விவரம் அரசிதழில் வெளியாகும். ஆட்சியாளர்கள் அச்சகங்களின் மீது கண்வைத்திருப்பதற்கு இத்தகைய பதிவுகள் உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் நோக்கம் எதுவாயினும், இன்று அப்பதிவுகள் நமக்குப் பெருங்கொடையாக நிற்கின்றன. அடுத்த ஆண்டே, 1887-இல், சி.கு. மகுதூம் சாயபுவைத் துணிவுமிக்க ஆசிரியராகக் கொண்டு சிங்கை நேசன் வார இதழ் தோன்றியது. சதாசிவ பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதியும் அவ்வாண்டில் அச்சேறியது. இவற்றின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆசிரியர்கள் தயங்காமல் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். சிக்கல் தொடங்குவது இருபதாம் நூற்றாண்டு நூல்களில்.

1886-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடிப் பதிப்புரிமை ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. 1908-இல் பெர்லினில் அது திருத்தப்பட்டபோது, ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் என்ற அளவு முன்வைக்கப்பட்டது. ஆசிரியரும் அவருக்குப் பின் இரு தலைமுறையினரும் பயன்பெற வேண்டும் என்பதே இவ்வளவுக்குக் கூறப்பட்ட காரணம். பிரிட்டன் அதனை 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்றது. 1912 சூலை 1 முதல் அச்சட்டம் பேரரசின் குடியேற்றங்களில் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் அது 1987 வரை நிலைத்திருந்தது. மலாய் மாநிலங்கள் பிரிட்டனின் பாதுகாப்புக்குட்பட்டவையே தவிர அதன் உடைமைகள் அல்லவாதலால், அங்கே தனிச் சட்டம் தேவைப்பட்டது.

1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு விதி இருந்தது. ஆசிரியர் மறைந்து 25 ஆண்டு கழிந்தபின், உரிய அறிவிப்புக் கொடுத்து, நூல் விலையில் பத்தில் ஒரு பங்கை உரிமையாளருக்குச் செலுத்துபவர் எவராயினும் அந்நூலை அச்சிடலாம். சட்டம் வருவதற்கு முன்பே உரிமை பெற்றிருந்த நூலுக்கு 30 ஆண்டு. அதாவது, பின்பாதிக் காலத்தில் குடும்பத்துக்கு வருவாய் உண்டு, ஆனால் தடுக்கும் அதிகாரம் இல்லை. வாசகருக்கும் வாரிசுக்கும் இடையே இதனினும் நேரிய ஓர் ஏற்பாட்டைப் பிற்காலச் சட்டங்களில் நாம் காணவில்லை. அது கைவிடப்பட்டது நமக்கு வருத்தமே.

இந்தச் சட்டக் காலத்தில்தான் பாரதியார் வாழ்ந்து மறைந்தார். 1921 செப்டம்பரில், நாற்பது வயதும் நிறையாமல், அவர் திருவல்லிக்கேணியில் மறைந்தபோது குடும்பத்துக்கு விட்டுச்சென்ற சொத்து அவருடைய எழுத்துகளே. மனைவி செல்லம்மாள் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் சில நூல்களை வெளியிட்டுப் பார்த்தார். முதலீடு இல்லாத பதிப்பகம் நெடுநாள் நடக்கவில்லை. காலப்போக்கில் நூல்களின் உரிமை தம்பி சி. விசுவநாத ஐயரிடம் சேர்ந்தது. பாரதி பிரசுராலயம் அவற்றை வெளியிட்டது. இசைத்தட்டிலும் வானொலியிலும் பாடல்களை ஒலிக்கச்செய்யும் உரிமை மட்டும் தனியே பிரிந்து ஒரு வணிகரிடம் சென்று, அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் கைக்கு வந்தது. பேசும் படக் காலத்தில் அவ்வுரிமையின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பதை 1947-இல் வெளிவந்த நாம் இருவர் படத்தின் பாடல்கள் காட்டின.

வேறொரு படத்தில், டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணனில், பாரதி பாடல் இடம்பெற்றதை ஒட்டித் தகராறு எழுந்தது. விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாடலைப் பாடுவதற்கு ஒரு தனிமனிதரின் இசைவு வேண்டுமா என்ற கேள்வி தமிழ்நாடெங்கும் ஒலித்தது. டி.கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன் போன்றோர் இக்கேள்வியை ஓர் இயக்கமாகவே ஆக்கினர். 1949-இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்க முன்வந்தது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே ஒப்படைத்தார். அவரை வெறும் வணிகராக மட்டும் காட்டும் கதைகள் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. உரிமை முதலில் அரசின் உடைமையாயிற்று; அரசே பதிப்பும் வெளியிட்டது. எவரும் அச்சிடலாம் என்ற நிலை அதன்பின் 1950-களில் வந்தது. ஆகவே நாட்டுடைமை வேறு, பொதுவுடைமை வேறு. பாரதியின் நூல்கள் முதல் வாயிலைக் கடந்து இரண்டாம் வாயிலை அடைவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

இவ்வாறு நடந்திராவிட்டால், 50 ஆண்டுக் கணக்கின்படி அந்நூல்கள் 1971 இறுதிவரை காத்திருக்க வேண்டும். மலிவுப் பதிப்புகளாலும் பள்ளிப் பாடநூல்களாலும் பாரதி எல்லா வீடுகளுக்கும் சென்ற காலம் அதற்கு முந்தியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இதற்கு விலையும் கொடுத்தோம். எவரும் அச்சிடலாம் என்றபோது, எவ்வாறும் அச்சிடலாம் என்றும் சிலர் கருதினர். சீர் சிதைந்த, அடி விடுபட்ட பதிப்புகள் பெருகின. திருத்தமான பதிப்புகளுக்காக ஆய்வாளர்கள் பிறகு பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. பாரதிதாசன், அண்ணா, கல்கி உள்ளிட்ட பலரின் நூல்களையும் தமிழ்நாடு அரசு பின்னர் நாட்டுடைமை ஆக்கியது. குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து, சட்டத்தின் கடிகாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடும் வழி அது.

கடிகாரத்தை எதிர்த்திசையில் திருப்பிய நிகழ்ச்சியும் இந்தியாவிலேயே உண்டு. இரவீந்திரநாத தாகூர் 1941-இல் மறைந்தார். 1957-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி அவருடைய நூல்களின் உரிமை 1991 முடிவில் தீர வேண்டும். அவ்வுரிமை அவர் நிறுவிய விசுவபாரதியிடம் இருந்தது. காலம் நெருங்கியபோது அவசரச் சட்டம் வந்தது. 1992-இல் 50 என்பது 60 ஆயிற்று. 1841-இல் மெக்காலே தோற்கடித்த அதே 60. ஒரு பெருங்கவிஞரின் நூல்களுக்காகச் செய்த மாற்றம், அப்போது உரிமை எஞ்சியிருந்த எல்லா ஆசிரியர்களின் நூல்களுக்கும், வாரிசு யாரென்றே தெரியாத நூல்களுக்கும்கூட, பத்தாண்டைக் கூட்டிவிட்டது.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 50 ஆண்டு என்ற அளவையே கொண்டிருந்தது. செருமனி 1965-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 1993-இலும், அமெரிக்கா 1998-இலும் 70 ஆண்டுக்குச் சென்றிருந்தன. அமெரிக்காவுடன் 2003-இல் கையெழுத்தான தடையற்ற வணிக உடன்பாட்டின் விளைவாக, 2004 சூலை 1 முதல் சிங்கப்பூரிலும் 70 ஆண்டு என்றாயிற்று. மாற்றத்துக்கு முன்பே காலம் முடிந்த நூல்களின் உரிமை மீண்டும் உயிர்பெறவில்லை. இதன் விளைவைப் பாருங்கள். 1953 திசம்பரில் மறைந்த சிங்கப்பூர் எழுத்தாளரின் நூல் 2004 பிறந்தவுடன் பொதுவாயிற்று. 1954 சனவரியில், சில வாரங்கள் கழித்து மறைந்தவரின் நூல் 2024 முடியும்வரை காத்திருந்தது. சில வார இடைவெளி 21 ஆண்டாக விரிந்தது.

மலேசியா 50 ஆண்டிலேயே நிற்கிறது. பசிபிக் நாடுகளின் வணிக உடன்பாட்டில் 70 ஆண்டு கேட்கப்பட்டபோதிலும், 2017-இல் அமெரிக்கா விலகியபின் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே கடற்பாலத்தின் இரு முனைகளிலும் இன்று இரு கணக்குகள். தமிழ் முரசை நிறுவிய கோ. சாரங்கபாணி 1974-இல் மறைந்தார். அவர் தம் பெயரில், தமக்கே உரிமையுடையதாக எழுதிய ஒரு கட்டுரை இருப்பதாகக் கொள்வோம். மலேசியக் கணக்கில் அது 2024 முடிவோடு பொதுவாகிவிட்டது. சிங்கப்பூர்க் கணக்கில் 2044 முடியும்வரை காத்திருக்க வேண்டும். சொகூர் பாருவில் ஓர் ஆசிரியர் தடையின்றி அச்சிட்டு வழங்கும் பக்கத்தை, ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பால் உட்லண்ட்சில் உள்ள ஆசிரியர் இசைவு பெற்றே அச்சிட இயலும். (செய்தித்தாளின் பணியாளராக ஒருவர் எழுதியவற்றின் உரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி, அதில் நாம் இங்கே நுழையவில்லை.)

சாரங்கபாணியைப் போன்றோரின் மறைவு ஆண்டையாவது நாம் அறிவோம். போருக்கு முன்னும் பின்னும் இங்கே எழுதிய பலரின் நிலை அவ்வாறன்று. தோட்டத்துக் கங்காணியின் மகன், துறைமுகக் கணக்கர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கப்பலில் வந்து சில ஆண்டுகள் தங்கி மீண்டும் ஊர் திரும்பிய இளைஞர் என்று பலர் எழுதினர். சிலர் போர்க்காலத்தில் காணாமற்போயினர். சிலர் தஞ்சையிலோ யாழ்ப்பாணத்திலோ காரைக்குடியிலோ காலமாயினர். நூல் நம் நூலகத்தில் இருக்கிறது. ஆசிரியரின் முடிவோ எந்தப் பதிவிலும் இல்லை. மறைவை வைத்து எண்ணும் சட்டம், மறைவு தெரியாத இடத்தில் வாயடைத்துப் போகிறது. இவ்வுரையின் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட கேள்வியை எழுப்பிய ஆசிரியர்களுள் ஒருவர், பல மாதம் தேடியும் கதாசிரியரின் குடும்பத்தைக் கண்டறிய இயலாமல், அக்கதையைத் தம் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டார். அதற்குப் பதிலாக வேறொரு நாட்டுக் கதை இடம்பெற்றது. தடைசெய்தவர் எவருமில்லை, இசைவளிக்கவும் எவருமில்லை.

புனைபெயர்கள் இச்சிக்கலை மேலும் முறுக்குகின்றன. சிங்கப்பூர்ச் சட்டப்படி, ஆசிரியர் யாரெனத் தெரியாத புனைபெயர் நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 70 ஆண்டு உரிமை. அக்காலம் முடிவதற்குள் ஆசிரியர் யாரெனத் தெரிந்துவிட்டால், வழக்கமான மறைவுக் கணக்கே பொருந்தும். 1960-இல் புனைபெயரில் வெளியான கதைநூல் 2030 இறுதியில் பொதுவாகும். அதற்குள் ஓர் ஆய்வு மாணவர் அரும்பாடுபட்டு, எழுதியவர் இன்னார், அவர் 1995-இல் மறைந்தார் என்று நிறுவினால், உரிமை 2065 வரை நீளும். நல்ல ஆய்வே நூலைப் பூட்டிவிடும் விந்தை இது. ஆயினும் இதற்காக ஆய்வைத் தவிர்க்குமாறு நாம் எவருக்கும் கூறமாட்டோம். எழுதியவரின் பெயரை மீட்பது, அவருடைய கதையை முப்பத்தைந்து ஆண்டு முன்னதாக அச்சிடுவதைவிடப் பெரிய கடன். மேலும், பெயர் தெரிந்தால் குடும்பத்தைத் தேடலாம். தேடினால் இசைவு கிடைக்கவும் கூடும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் எதிர்கொள்ளும் வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். திருக்குறளுக்கு உரிமையாளர் எவருமில்லை. பரிமேலழகர் உரைக்கும் இல்லை. 1908-இல் மறைந்த போப்பையரின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் இல்லை. ஆனால் அண்மைக்கால உரையாசிரியர் ஒருவரின் தெளிவுரைக்கு அவர் மறைவை ஒட்டித் தனிக் கணக்கு உண்டு. பழைய நூலையே புதிதாக அச்சுக்கோத்து வெளியிட்டால், அந்தப் பக்க அமைப்புக்குச் சிங்கப்பூரில் பதிப்பாளருக்கு 25 ஆண்டு உரிமை உண்டு; மூலத்தைத் தட்டெழுதிக்கொள்ளலாம், பக்கங்களை அப்படியே படமெடுத்து வெளியிடக் கூடாது. வெளியிடப்படாத கையெழுத்துப் படிகளுக்கு முன்பு எல்லையற்ற உரிமை இருந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கியது. கற்பித்தலுக்காகச் சிறு பகுதிகளைப் படியெடுக்கச் சட்டம் தனியே இடமளிக்கிறது. முழுக்கதையைத் தொகுப்பு நூலில் அச்சிடுவது அதில் அடங்காது.

காலம் முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியும் உண்டு என்பதற்கு நம்மிடையே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2015-இல், நாடு பொன்விழாக் கண்டபோது, விடுதலைக்குப் பிந்திய ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350, தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்வடிவம் பெற்றன. எழுத்தாளர்களிடமும் மறைந்தோரின் குடும்பத்தினரிடமும் இசைவு கேட்டுப் பெற்றுச் செய்த பணி அது. கேட்பதற்கு ஆள் இருந்ததால் அது கைகூடியது. 1965-க்கு முற்பட்ட நூல்களுக்கு அத்தகைய பணியைத் தொடங்குவோர், முதலில் ஓர் ஆசிரியர் பட்டியலையும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மறைவு ஆண்டையும் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டுகள் கிடைக்கும் இடங்கள் பல. பழைய செய்தித்தாள்களில் மரண அறிவிப்புகள் பெயர், வயது, பிறந்த ஊர், உற்றார் பெயர்களுடன் வெளியாகியிருக்கின்றன. நினைவு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் திருப்பணி மலர்கள், சங்க அறிக்கைகள், கல்லறைக் கற்கள், வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் படங்களின் கீழே எழுதப்பட்ட தேதிகள் ஆகியவையும் உள்ளன. ஒரு வகுப்பிலுள்ள மாணவர்கள் ஆளுக்கோர் எழுத்தாளரை எடுத்துக்கொண்டு ஒரு பருவ காலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. சரியான நாள் கிடைக்கவில்லையே என்று அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பாரதியார் மறைந்தது செப்டம்பர் 11-ஆம் நாளா 12-ஆம் நாளா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. இன்றைய சட்டங்களில் உரிமைக்காலம் முடிவது எப்போதும் திசம்பர் 31 நள்ளிரவில்தான். ஆகவே பட்டியலில் நாளும் மாதமும் இல்லாவிட்டாலும், ஆண்டு ஒன்று இருந்தால் போதும்.